மூன்று கோப்பைக் காப்பி

ஜலதோஷம் பிடித்தவன் காப்பி விற்கக் கிளம்பக் கூடாது என்பது மாப்பிள்ளைக்கு ஒன்பதாவது கடையில்தான் உறைத்தது.

விமானத்தில் அடைத்த மூக்கு மூன்று நாளாகியும் திறக்கவில்லை. அவருக்கு வெந்நீரும் ஒன்றுதான், காப்பியும் ஒன்றுதான். ஊரில் காப்பி விவசாயிகள் சங்கத்தின் போன வருட மூட்டைகள் அப்படியே கிடங்கில் கிடந்தன. வெளிநாட்டுச் சின்னக் கடைகளையாவது பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று இவரை அனுப்பியிருந்தார் சங்கத் தலைவர். தலைவர் வேறு யாருமில்லை, சொந்த மாமனார்.

எட்டுக் கடைகளில் வாசலோடு சரி. இங்கேதான் நம் பாஷை பேசுகிற ஒரு முதலாளியம்மா உட்காரச் சொல்லி, மாதிரிப் பொட்டலத்தை வாங்கி உள்ளே அனுப்பினார்.

"மூணு கப் வரும். ஒண்ணு உங்களுது. எதுன்னு நீங்களே சொல்லுங்க. உங்களுக்கே தெரியலைன்னா என் கஸ்டமருக்கு எப்படித் தெரியும்?"

உள்ளே கோப்பை கழுவிக்கொண்டிருந்த அவருடைய வீட்டுக்காரர் தலையை நீட்டினார். "ஏம்மா, கத்தரிக்கோல்..."

"வியாபாரம் பேசறப்போ குறுக்க வராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!"

தலை உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் மூன்று கோப்பைகள் வந்தன.

சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போனில், மாமனார் சலவைச் சட்டையோடு வீடியோவில் உட்கார்ந்திருந்தார். "தைரியமாக் குடிங்க மாப்பிள்ளை! நம்ம காப்பி தனியாத் தெரியும்."

மூக்கடைப்பு என்று அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். மாமனார் முன்னால் கௌரவம் விடவில்லை.

முதல் கோப்பையை உறிஞ்சி, பெரிய நிபுணர் மாதிரி முகத்தைச் சுளித்தார். "இதுல ஈரச் சாக்கு வாடை. எங்களுது இல்ல." இரண்டாவதுக்கு உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவதுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். "ஆஹா! இதான் எங்க மலை!"

முதலாளியம்மா மூன்றையும் நிதானமாகக் குடித்துப் பார்த்தார்.

"மூணாவது எங்க கடைக் காப்பி. பதினஞ்சு வருஷமாக் குடிக்கிறேன், எனக்குத் தெரியாதா? சாக்கு வாடைன்னீங்களே, அதுதான் உங்களுது."

போனில் மாமனாரின் முகம் சுண்டிப்போனது. "சாக்கா மாப்பிள்ளை?"

"இல்ல மாமா... அது வந்து... நல்ல சாக்கு."

"நல்ல சாக்கா!"

பதறிப்போய் போனைக் கவிழ்த்தார். கை பட்டுச் சர்க்கரை டப்பாவும் சேர்ந்து கவிழ்ந்தது. சர்க்கரைக்கு அடியிலிருந்து மாமனாரின் குரல், மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து கணக்கெடுத்துத் திட்ட ஆரம்பித்தது.

மாப்பிள்ளைக்கு அவமானத்தில் காது சுட்டது. தன் ஒரு வாயால் ஊரே உழைத்த உழைப்பு கெட்டதே என்று கண் கலங்கிவிட்டது.

"மேடம், மூணு நாளா எனக்கு மூக்கே வேலை செய்யல. வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லல. தப்பு என் மேலதான், காப்பி மேல இல்ல."

"உங்க மூக்குதானே அடைப்பு? என் மூக்கு நல்லாத்தான் இருக்கு. நீங்க சொன்ன சாக்கு வாடை குப்புன்னு அடிக்குது," என்று முதலாளியம்மா முதல் கோப்பையைத் தள்ளி வைத்தார். "மன்னிச்சுக்குங்க, இது எங்க கடைக்கு ஆகாது."

மாப்பிள்ளை தலை குனிந்தபடி பையை எடுத்தார்.

அப்போது வீட்டுக்காரர் ஈரக் கையோடு வெளியே வந்து, ஒட்டுப் பிரியாத மாதிரிப் பொட்டலத்தை மேஜை மேல் வைத்தார்.

"ஏம்மா, இதை வெட்டத்தான் கத்தரிக்கோல் கேட்டேன். நீ குடுக்கல, அதான் மூணு கப்லயும் நம்ம கடைக் காப்பியையே ஊத்திட்டேன்."