தலை எண்ணிக்கை சரி

இலங்கைத் தீவில் பாதுகாப்பு என்ற சொல்லுக்குப் பொருள் தெரிந்த ஒரே நிறுவனம் எங்கள் ஐஸ் தொழிற்சாலைதான். சாய்ந்தமருதுக் கடற்கரையில், மீன்காரருக்கு ஐஸ் கட்டி செய்து கொடுக்கும் அந்த மகத்தான நிலையத்தின் பாதுகாப்புக் குழுவுக்கு நான் செயலாளர். தலைவர் முஸ்தாக் சேர். கொழும்பில் ஒரு கிழமை பயிற்சி பெற்று மஞ்சள் தொப்பியோடு திரும்பியவர். வீட்டில் சோறு தின்னும்போதும் அதைக் கழற்றுவதில்லை என்று கேள்வி.

எங்கள் 'வெளிச்சுற்றுப் பாதுகாப்பு' தனிச் சிறப்புடையது. பின்மதிலைக் கடல் கொண்டுபோய்விட்டது. மதில் இருந்த இடத்தருகே கழிவுநீர்க் குழியொன்று வாய் திறந்து கிடந்தது. மெசின் பார்க்கும் மசூர் இதைப் பற்றி ஓயாமல் முறையிட்டார். குழு கூடியது. தேநீரும் ரோல்ஸும் முடிந்தபின், குழியின் மேல் தென்னோலைக் கிடுகு பரப்புவதென ஏகமனதாகத் தீர்மானித்தது.

"கண்ணுக்குத் தெரியாத குழியப் பாத்து ஆரும் பயப்பட மாட்டாங்க" என்று முஸ்தாக் சேர் விளக்கினார்.

எச்சரிக்கை நாடாவும் வாங்கினோம். பின்பக்கம் கட்டினால் யார் பார்ப்பார்கள்? முன்கேற்றில் கட்டினோம். கல்யாண வீடு மாதிரி இருந்தது.

பிறகு 'அவசர வெளியேற்ற ஒத்திகை' வந்தது. ஐஸை உறையவைக்கும் அமோனியா வாயு கசிந்தால் நாங்கள் எப்படி உயிர் தப்புவோம் என்பதை மேலிடத்திலிருந்து வந்த ஐயாவுக்கு நடித்துக் காட்ட வேண்டும். சைரன் ஊதியது. எல்லாரும் வேப்பமரத்தடிக்கு ஓடி வரிசையில் நின்றார்கள். "ஆரும் கதைக்கப்படாது!" என்று அதட்டிவிட்டு முஸ்தாக் சேர் தலைகளை எண்ணினார்.

"இருபத்திரண்டு! முழுப்பேரும் இரிக்காங்க. எண்ணிக்கை சரி!"

ஐயா கைதட்டினார். நானும் தட்டினேன். தட்டி ஓய்ந்தபோது பின்பக்கமிருந்து ஒரு குரல்.

"ஆராவது வாங்களன்! குழிக்குள்ள விழுந்துட்டன்!"

"ஆரு அது?"

"மசூர், சேர்! கால் முறிஞ்சிட்டுப் போல. தண்ணி நெஞ்சு மட்டுக்கும் நிக்கிது!"

முஸ்தாக் சேர் என்னைப் பார்த்தார். நான் வரிசையைப் பார்த்தேன். மறுபடி எண்ணினோம். இருபத்திரண்டு.

"மசூர், நீ குழிக்குள்ள இரிக்க ஏலாது" என்றார் சேர், பொறுமையாக. "எண்ணிக்கை சரியா இரிக்கி."

"எண்ணினது போதும் சேர், தூக்குங்க!"

"தூக்கினா ஒராள் கூடிப்போகுமே!"

அப்போது வரிசைக் கடைசியில் ஒரு கை உயர்ந்தது. "சேர், என்ட பேர் மீராமுகைதீன். தோணிக்கு ஐஸ் வாங்க வந்த நான். எல்லாரும் ஓடினாங்க, நானும் ஓடிவந்து நிண்டன்."

"அத முதல்லயே செல்லப்படாதா?"

"கதைக்கப்படாது எண்டு நீங்கதானே சேர் சென்ன நீங்க?"

வெளியாளை வரிசையிலிருந்து எவ்வாறு கழிப்பது என்ற ஒழுங்குமுறையை முஸ்தாக் சேர் ஐயாவுக்கு விளக்கத் தொடங்கினார். விளக்கம் பாதியில் நிற்கும்போதே மீராமுகைதீன் தன் வண்டியிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு ஓடிவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் குழிக்குள் இறங்கி மசூரைத் தோளில் தாங்கியபடி நின்றார். மசூரின் தலைமுடியில் கிடுகுத் துண்டுகள் ஒட்டியிருந்தன. சைரன் ஊதியபோது மெசினை நிறுத்திவிட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். முன்வழியில் நெரிசல் என்று பின்வழியால் வந்திருக்கிறார்; கிடுகு மூடியபின் குழி எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

மறுநாள், கடமை தவறாத குழுவாகிய நாங்கள் தோடம்பழப் பையோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மசூரின் கால் மாவுக்கட்டோடு உயரத் தொங்கியது. அவருடைய மனைவி றுகையா எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

முஸ்தாக் சேர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

"மசூர், சட்டப்படி கேக்கன். ஒன்றுகூடும் இடத்துக்கு நீ ஏன் சமூகமளிக்கல்ல?"

மசூர் தொங்கும் காலைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"நான் அங்க கிடந்து ஆராவது வாங்க எண்டு கூப்பிட்டன் சேர். உங்களையும் கூப்பிட்டன். ஐஸ் வாங்க வந்த மனிசன் மட்டுந்தான் வந்தாரு. இப்ப செல்லுங்க, சமூகமளிக்காத ஆக்கள் ஆரு?"