கரிசலில் முளைத்த உப்புச்சாமி

செவ்வாய்க்கிழமையானால் சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகும் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. காரணம், கரிசல் காட்டில் உப்பு முளைத்துவிட்டது. விதைக்காமலே முளைத்து, வாரம் ஓர் அங்குலம் வளர்கிறதாம். அந்தக் காட்டுக்காரர் மருதப்பன் ஒரே நாளில் உப்புச்சித்தர் ஆனார். பாதாளத்து உப்பைக் கரைத்துக் குடித்தால் தீராத நோயே இல்லை என்றார். இரத்தக் கொதிப்புக்கே உப்பைக் கொடுக்கிற துணிச்சல் எந்த டாக்டருக்கு வரும்?

அதே ஊர்ப் பொன்மணியின் புருஷன் பேச்சிராஜுக்கு அந்தத் துணிச்சல் பிடித்துப்போயிற்று. கொதிப்பு மாத்திரையைத் தூக்கி எறிந்தார். பத்தாம் நாள் தலைசுற்றிக் கிணற்றடியில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கேட்டார்: "சித்தர் தண்ணி கொண்டாந்தியா?"

பொன்மணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓமனில் இருபது வருஷம் எண்ணெய்க் கிணறு தோண்டிவிட்டுத் திரும்பியிருந்த தம்பி மாரிக்கண்ணனிடம் போனாள்.

"ஏலே, மண்ணுக்குள்ள இருந்து உப்பு முளைக்குமா?"

"முளைக்கும்க்கா. அங்கன உப்புக் குன்றே பாத்திருக்கேன். அம்பது கோடி வருசத்துக்கு முந்தி பூமி இழுபட்டு வெடிச்சு, நிலம் பள்ளமா இறங்கிச்சு. கடல் உள்ள வந்து வத்தி, உப்பு தங்கிச்சு. அதுமேல மைல் கணக்குல வண்டல் படிஞ்சு கல்லாச்சு. அந்தப் பாரம் அமுக்க அமுக்க, பழைய வெடிப்பு இருக்கிற பக்கமா உப்பு மேல பிதுங்குது. நம்ம காட்டுல போர் போட்டா என்ன வருது?"

"முப்பது அடியில பாறை. அப்புறமும் பாறைதான்."

"அந்தப் பாறை அங்கன உள்ள உப்புக்கெல்லாம் ரொம்ப மூத்தது. இங்கன பள்ளமும் இறங்கல, உப்பும் தங்கல. எதைப் பிதுக்குதாரு உங்க சித்தரு?"

அடுத்த செவ்வாய் பொன்மணி கடப்பாரையோடு போனாள்.

"சாமி, பாதாளத்துல இருந்து வந்த உப்புன்னா கீழ ஆழமாப் போகும்லா? ஒரு முழம் தோண்டிப் பாக்குதேன்."

"தோண்டுனா கண்ணு அவிஞ்சிரும்."

"என் கண்ணுதான. அவியட்டும்."

உப்புக்குப் பக்கத்தில் கடப்பாரையை ஓங்கிக் குத்தினாள். நாலாவது குத்தில் 'ணங்' என்றது. மண்ணை விலக்கினாள். உப்புக்கட்டிக்கு அடியில் பலகை. பலகைக்கு அடியில் லாரி ஜாக்கி. வாரம் ஒரு திருகு, வாரம் ஓர் அங்குலம். கட்டியின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பொன்மணி சத்தமாக வாசித்தாள்: "கால்நடைகளுக்கு மட்டும்."

சித்தர் வேட்டியை மடித்துக் கட்டி ஓடிய வேகத்துக்கு எந்த உப்பு காரணம் என்று தெரியவில்லை.

புளியங்குடியிலிருந்து வந்த ஒருவர் கையில் பிரசாதப் பொட்டலத்தோடு திகைத்து நின்றார். "யக்கா, இதை என்ன செய்ய?"

"மாட்டுக்குப் போடுங்க அண்ணாச்சி. மாடாவது மோந்து பாத்துட்டு நக்கும்."