கப்பல் தர வேண்டிய பாக்கி

அன்று படகில் இருந்தவர்கள்: அம்மா, அக்கா, அக்காவின் கணவர் சந்திரன் மச்சான், படகுக்காரர் ஆ செங், நான். என் மடியில், மண்கலயத்தில், அப்பா இருந்தார். முந்தின நாள்தான் அவரைத் தகனம் செய்திருந்தோம். சற்றுத் தள்ளி, பினாங்குத் துறைமுகத்தில், எங்கள் தெருவைத் தூக்கி நிமிர்த்தி வைத்த மாதிரி ஒரு சுற்றுலாக் கப்பல் நின்றுகொண்டிருந்தது. அதை நாங்கள் அழைக்கவில்லை. ஆனாலும் இந்தக் கணக்கில் அதையும் சேர்த்தாக வேண்டும்.

நான் கவலைப்படுவதற்கென்றே பிறந்தவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மளிகைக் கடையில் வெங்காயம் நிறுக்கப் போனேன். (வெங்காயம் நிறுக்கும்போது மூளைக்கு வேலை இல்லை, அது பாட்டுக்குக் கவலைப்படும்.) பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பேன். பட்டர்வொர்த் போகும் ஃபெரியில் ஏறினால், மிதவைச் சட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் உட்காருவேன்.

அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் எஞ்சின்களுக்கு எண்ணெய் போடும் வேலை பார்த்தவர். அவர் சட்டையில் கறை என்று தனியாக எதுவும் கிடையாது, சட்டையே கறைதான். அம்மா தினமும் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, மறுநாள் மறுபடியும் அதையே செய்வார். அன்று காலை அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்த மனுசன் ஒரு நாளாவது எண்ணெய் இல்லாம வீட்டுக்கு வந்ததில்ல. போறப்பவாச்சும் சுத்தமான தண்ணியில போகட்டும். நீ பாத்துக்க தம்பி."

அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தது அம்மா செய்த தவறு.

ஆ செங்கின் படகுக்குப் புதிதாக நீலச் சாயம் பூசியிருந்தது. கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் அவர் எஞ்சினை நிறுத்தினார். வழக்கமாக எல்லோரும் கரைக்கிற இடம் அது. (அவர் பேசியது மலாய். நான் தமிழில் எழுதுகிறேன். 'லா' மட்டும் அவருடையது.)

"இங்க சாக்கடை வந்து சேருது," என்றேன்.

இன்னும் தள்ளிப் போனோம். அங்கே ஒரு பிளாஸ்டிக் பை மிதந்தது. வேண்டாம் என்றேன். அடுத்த இடத்தில் தண்ணீர் பச்சையாக இருப்பதாகத் தோன்றியது.

"கடலு வேற எந்தக் கலர்ல இருக்கணும் உனக்கு?" என்றார் மச்சான். அவர் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. துக்கத்திலும் அந்தக் கப்பலைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். "அது மிதக்கிற டவுனு. உள்ள நீச்சல் குளம், சினிமாக் கொட்டகை எல்லாம் இருக்கு."

"மச்சான், அவ்வளவு பேரும் காலையில கக்கூஸ் போனா, அதெல்லாம் எங்க போகும்?"

"அதுக்கு மெஷின் இருக்கு."

"மெஷினுக்கு அப்புறம்?"

மச்சான் கண்ணைக் கப்பல் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்காதான், "அப்பா மடியில இருக்காரு, பேசுற பேச்சா இது," என்றாள்.

"போதும் லா, தம்பி," என்றார் ஆ செங். "பெரிய கப்பல் கிளம்பப் போகுது. அது போன வழியில நாம போகக் கூடாது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கப்பல் ஊதியது. புகைபோக்கியிலிருந்து கறுப்பாக ஒரு மேகம் எழுந்து, வேறு வேலையே இல்லாததுபோல் எங்களை நோக்கி வந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைப் புடவை எல்லாவற்றிலும் கரித்தூள் உதிர்ந்தது. நான் மொட்டை போட்டிருந்தேன். என் தலை எள் தூவிய கொழுக்கட்டை மாதிரி இருந்ததாக மச்சான் இன்றைக்கும் சொல்கிறார். கப்பல் கடந்துபோனது. அதன் அலைகள் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டன. நான் கலயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அலை ஓய்ந்தபோதுதான் அந்த இடத்தைக் கண்டேன். சின்னச் சுருக்கம்கூட இல்லாத, வழுவழுப்பான தண்ணீர். வெயில் பட்டு மயில் கழுத்து மாதிரி நீலமும் பச்சையுமாக மின்னியது. அப்பா தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருஷம் தவறாமல் காவடி எடுத்தவர். முருகனே இடம் காட்டுகிறான் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆ செங் ஏதோ சொல்ல வந்தார். நான் கையமர்த்தினேன்.

"இங்கதான்," என்றேன்.

கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, கலயத்தைப் பின்பக்கமாக விட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. அப்படியே செய்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்ட நிம்மதி. ஆனால் எல்லோர் கண்ணும் எனக்குப் பின்னால், தண்ணீரிலேயே இருந்தது.

"தம்பி," என்றாள் அக்கா. "அப்பா போகலடா."

திரும்பிப் பார்த்துவிட்டேன். கலயம் மூழ்கிவிட்டது. சாம்பல் மூழ்கவில்லை. கப்பல் விட்டுப்போன எண்ணெய்ப் படலத்தின்மேல், கலயத்தில் போட்டிருந்த சாமந்திப் பூக்களோடு அப்படியே படர்ந்து கிடந்தது. எனக்குப் பதறியது. துடுப்பை எடுத்து அழுத்தினேன். அது விலகியது, கூடியது, படகின் ஓரத்தில் வந்து அப்பிக்கொண்டது. மறுபடி ஓங்கினேன்.

"அடிக்காதடா," என்று அக்கா அழுதாள். "அப்பாடா அது."

கரைக்குத் திரும்பினோம். கடலுக்குள் நீட்டியிருந்த மரப்பாலத்தில் படகைக் கட்டியபோது, அந்தப் புது நீலச் சாயத்தின்மேல் சாம்பலும் எண்ணெயும் குழைந்த கறுப்புப் பட்டை ஒன்று முன்னிருந்து பின்வரை ஓடியது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஆ செங்கிடம் மண்ணெண்ணெயும் பழந்துணியும் கேட்டார்.

"நான் பாத்துக்கிறேன் லா," என்றார் அவர்.

"இது உங்களுக்குப் போகாது. எனக்குத்தான் பழக்கம்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படியில் குந்தித் தேய்க்க ஆரம்பித்தார். அந்த மண்ணெண்ணெயும் கடலுக்குத்தானே போகிறது என்று நான் மெல்லச் சொன்னேன். மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

"கடைசி நாளும் இப்பிடியே வந்து நிக்கிறீங்களே," என்றார் அம்மா, படகைப் பார்த்து. கோபமாகத்தான் ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு எங்கே அழுகையானது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கை மட்டும் நிற்கவில்லை. அப்பா பாலத்துக் கால்களுக்கு இடையே, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போனார்.

எண்ணெயோடு ஆ செங்கின் நீலச் சாயமும் போய்விட்டது. திரும்பப் பூசுகிற செலவை நான் வெள்ளியாக எண்ணிக் கொடுத்தேன் (எங்கள் ஊரில் ரிங்கிட்டுக்கு வெள்ளி என்றுதான் பெயர்). "ரசீது வாங்கு. கப்பல்காரன்கிட்ட நான் வாங்கித் தரேன்," என்றார் மச்சான். உண்மையிலேயே ஆபீசில் கேட்டும் இருக்கிறார். அங்கே சிரித்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம்.

அதற்குப் பிறகு துறைமுகத்தில் எந்தப் பெரிய கப்பல் ஊதினாலும், அம்மா செய்கிற வேலையை நிறுத்தாமல், "நம்ம கடன்காரன் வந்துட்டான்," என்பார். இப்போது என் பிள்ளைகள் சொல்கிறார்கள். அம்மாவையும் ஒரு நாள் கலயத்தில் அதே மரப்பாலத்திலிருந்துதான் கொண்டுபோனோம். படகு முதலில் நின்ற இடத்திலேயே கரைத்தோம். நான் வாயே திறக்கவில்லை.

கப்பல்கள் இன்னும் பெரிதாகிக்கொண்டே வருகின்றன. வட்டி வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அசல் மட்டும் போதும்: முப்பத்தைந்து வெள்ளி.