மேஜருக்குக் கொடுத்த தேங்காய்ப் பால்

சுத்தமாகத் தெரியாத பாஷையால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினால் போதும். அரைகுறையாகத் தெரிந்த பாஷைதான் ஆளைக் கவிழ்க்கும். பதினெட்டு வயதில் எனக்கு ஆங்கிலம் அந்த அளவில்தான் தெரிந்திருந்தது. அதாவது, கவிழ்வதற்குச் சரியான அளவு.

பகாவ் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் என் அப்பா மண்டோராக, கூலிகளுக்குக் கங்காணியாக, இருந்தார். டவுன் பள்ளிக்கூடத்தில் நான் நாலாவது வரை இங்கிலீஷ் படித்தவள் என்பதில் அவருக்குப் பெருமை. அந்தப் பெருமையை மலை மேலிருந்த பங்களாவரை கொண்டுபோய், துரை வீட்டில் எனக்கு வேலையும் வாங்கிவிட்டார். துரைக்குத் தமிழ் நன்றாக வரும் (திட்டுகிற தமிழ் இன்னும் நன்றாக வரும்). அவர் தமிழில் கேட்பார். நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். படித்த பெண் என்று காட்ட வேண்டாமா? பாவம், அந்த மனிதர் ஒருநாளும் சிரித்ததில்லை.

வெள்ளைக்கார ஆட்சி அவசரகாலம் அறிவித்திருந்த நேரம் அது. காட்டுக்குள் கம்யூனிஸ்ட்டுகள், வெளியே பட்டாளம், நடுவில் முள்வேலிக்குள் நாங்கள். சாப்பாட்டுச் சாமான் எதுவும் காட்டுக்குள் போய்விடக் கூடாது என்று கடையில் பால் டின்னைக்கூட ஓட்டை போட்டுத்தான் விற்பார்கள். ஓட்டை போட்ட டின் எங்கள் வெயிலில் எத்தனை நேரம் தாங்கும்? எறும்பு முந்திக்கொள்ளும். எறும்பு விட்டுவைத்தது புளித்துவிடும்.

பங்களாவில் அந்தப் பாலைக் குடிப்பது மேஜர். மேஜர் என்பது நாய். தவிட்டு நிறம், தொங்கு காது, துரைசானியின் செல்லம். துரைசானி உறவினரைப் பார்க்கச் சிங்கப்பூர் புறப்பட்டபோது, கணவரைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அஞ்சலை, மேஜருக்கு வேளாவேளைக்குப் பால்" என்று மட்டும் கண் கலங்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன கையோடு பால் தீர்ந்தது. டவுன் சாலையில் ஏதோ சோதனை என்று கடை லோரியும் வரவில்லை. மேஜர் காலித் தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டு என் பின்னாலேயே சுற்றியது. அப்போதுதான் சமையற்கட்டுக்குப் பின்னால் நின்ற தென்னைமரம் என் கண்ணில் பட்டது.

பாலுக்குப் பால். மனுஷனுக்கு ஆகிறது நாய்க்கு ஆகாதா? தேங்காயைத் துருவிப் பிழிந்து ஒரு கரண்டி ஊற்றிப் பார்த்தேன். மேஜர் தட்டையே தின்றுவிடும்போல நக்கியது. ஒன்றும் ஆகவில்லை. வாலை இன்னும் வேகமாக ஆட்டியதுதான் மிச்சம். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. மறுநாள் தண்ணீர் கலக்காத முதல் பாலாகப் பிழிந்தேன். சப்பென்று இருக்குமே என்று பனைவெல்லத்தையும், அதுதான் குலா மலாக்காவையும், காய்ச்சி ஊற்றினேன். கரண்டி கிண்ணமாகி, கிண்ணம் சட்டியாயிற்று. அது ஒரு சட்டியைக் காலி செய்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை! என் சமையலை இதுவரை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

மத்தியானம் துரை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். மேஜர் அவர் காலடியில் வந்து நின்றது. வயிற்றுக்குள்ளிருந்து குழாய் திறந்ததுபோல ஒரு சத்தம். அடுத்த கணம் துரையின் காலில் கிடந்த சப்பாத்து, கம்பளம், மேசைக்கால் எல்லாம்... (சாப்பிட்டுக்கொண்டு படிப்பவர்கள் இருக்கலாம், விட்டுவிடுகிறேன்.) முன்னாலும் பின்னாலுமாக எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டு, மேஜர் மேசைக்கடியில் பொத்தென்று விழுந்தது.

"அஞ்சலே! நாய்க்கி என்னா குடுத்தே?" என்று துரை தமிழில்தான் கேட்டார். மகராசனாகத் தமிழில் கேட்டார்.

நான் நேராக நின்று, "மில்க் சார்" என்றேன்.

"என்னா மில்க்? டின்னு பால் இல்லேதானே?"

தேங்காய்க்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை உண்டு. நாலாம் வகுப்பில் படமே போட்டிருந்தது. அந்த நேரத்தில் படம் வந்தது, வார்த்தை வரவில்லை. எங்கிருந்து வந்தது என்றாவது சொல்லிவைப்போம் என்று, "ட்ரீ மில்க் சார்" என்றேன். கூடவே ஜன்னல் வழியாக வெளியே கையைக் காட்டினேன்.

நான் காட்டியது தென்னைமரத்தை. அதற்குப் பின்னால் மலை மலையாக நின்றதோ ரப்பர் மரம். எஸ்டேட்டில் பால் என்றாலே மரத்தில் சீவி எடுக்கிற ரப்பர் பால்தான். காலையிலிருந்து சாயங்காலம்வரை துரைக்கு அந்த ஒரு பால்தான் நினைப்பு. மருந்து ஊற்றினால் தட்டிலேயே கட்டியாக உறைந்துபோகிற சாமான் அது. தன் பெண்டாட்டியின் செல்லத்துக்குள் இந்நேரம் ஒரு ரப்பர் ஷீட் தயாராகிக்கொண்டிருக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். முகம் வெளுத்து டெலிபோனுக்கு ஓடினார். வெள்ளைக்காரர் மேலும் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

டெலிபோனில் அவர் கத்தியதில் எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான். 'மேஜர்' புரிந்தது. 'பாய்சன்' புரிந்தது. விஷம்! ஒரு பங்களாவைத் தாக்குகிறவர்கள் முதலில் காவல் நாய்க்குத்தான் விஷம் வைப்பார்கள் என்று எங்கள் கூலிக் குடியிருப்பான லயத்தில் பேசிக்கொள்வோம். சந்தேகத்தில் பிடிபட்டுப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்பாவின் வேலை, லயத்து வீடு, நான், எல்லாம் ஒரு சட்டித் தேங்காய்ப் பாலில் முழுகப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. படித்த பெண் என்ன செய்தேன்? பின்பக்கமாக ஓடி, கோழிக்கூண்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்தப் பக்கம் டெலிபோனை எடுத்தவருக்கு மேஜர் என்றால் நாயா தெரியும்? பட்டாள அதிகாரி ஒருவருக்கு எஸ்டேட் பங்களாவில் விஷம் வைத்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டார்கள். கூண்டின் கம்பிவலை வழியாக நான் பார்க்கப் பார்க்க, கவச வண்டி முன்னால், இரண்டு லோரி நிறையப் பட்டாளம் பின்னால், நடுவில் டாக்டர் வண்டி என்று ஒரு கான்வாயே மலை ஏறி வந்தது. சோல்ஜர்கள் குதித்து மரத்துக்கு ஒருவராகத் துப்பாக்கியை நீட்டிப் படுத்துக்கொண்டார்கள். கீழே லயத்தில், துரையைச் சுட்டுவிட்டார்கள் என்று பெண்கள் ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டர் பெட்டியோடு படியேறி ஓடினார். "மேஜர் எங்கே?" என்று அவர் கேட்டதும், துரை மேசைக்கடியைக் காட்டியதும் எனக்குப் பிற்பாடு கிடைத்த தகவல். தன் பெயர் காதில் விழவே மேஜர் படுத்தபடி வாலை ஆட்டியதாம்.

கொஞ்ச நேரத்தில் கூண்டுக்கு முன்னால் ஒரு ஜோடி பூட்ஸ் வந்து நின்றது. குனிந்து பார்த்தவர் ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிள். தமிழர். மீசை இப்போதுதான் வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"ஏ புள்ள, வெளிய வா. டாக்டரு கேக்குறாரு. நாய்க்கி என்னா குடுத்த?"

"மில்க்" என்றேன் அழுதுகொண்டே.

"என்னா மில்க்கு?"

"ட்ரீ மில்க்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இங்க நீயும் நானும் கோழியும்தான் இருக்கோம். தமிழ்லயே சொல்லு லா."

"தேங்காப் பாலுங்க... வெல்லம் போட்டு..."

அந்த மனிதர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தார். கோழிகள் பயந்து என் தலைமேல் ஏறின.

அவர்தான் என்னை உள்ளே அழைத்துப்போய் டாக்டரிடம், "கோக்கனட் மில்க் சார். சந்தான்" என்று மலாயிலும் சேர்த்துச் சொன்னார். (ஆமாம், கோக்கனட்! அந்தப் படத்துக்குக் கீழே போட்டிருந்ததும் அதுவேதான்.) துரை நாற்காலியில் சரிந்தார். டாக்டர் சமையற்கட்டில் மிச்சமிருந்த பாலை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அப்புறம் நிதானமாகச் சொன்னதை அந்தக் கான்ஸ்டபிள் எனக்குத் தமிழில் சொன்னார்: "தேங்காப் பாலு வெசம் இல்லயாம். ஒரு கரண்டி, ரெண்டு கரண்டின்னா நாய்க்கி ஒன்னும் ஆவாதாம். ஆனா அம்புட்டுக் கொழுப்பு, அம்புட்டு வெல்லம், சட்டி சட்டியா ஊத்துனா யானைக்கும் புடுங்கும்கிறாரு. ரெண்டு நாளைக்கி நல்ல தண்ணியும் வெறுங்கஞ்சியும் குடுக்கணுமாம். அப்புறம்..." என்று நிறுத்தினார்.

"அப்புறம்?" என்றேன், தூக்குத் தண்டனையை எதிர்பார்த்து.

"மிச்சப் பாலு இருந்தா அவுங்களுக்கு வேணுமாம்."

அன்று பங்களா புல்தரையில் பட்டாளமே உட்கார்ந்து, ஜவ்வரிசியை வேகவைத்து, என் தேங்காய்ப் பாலும் குலா மலாக்காவும் ஊற்றிச் சாப்பிட்டது. மூச்சிரைக்க மலையேறி வந்த அப்பா, கைதாகிப் போகவேண்டிய மகள் சோல்ஜர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். துரை என்னைத் திட்டக்கூட இல்லை. "அஞ்சலே, இனிமே தமிழ் பேசு" என்றார். அவ்வளவுதான். அதைவிட ஒரு அடி கொடுத்திருக்கலாம்.

மேஜர் தேறிவிட்டது. அது தேறிய பிறகும், நாய்க்கு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க அந்தக் கான்ஸ்டபிள் வாரம் தவறாமல் சைக்கிளில் வந்தார். நாயை ஒருதடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அடுத்த தையில் அவர் என் கழுத்தில் தாலி கட்டினார். தங்கராசு என்ற பெயரையே நான் கல்யாணப் பத்திரிகையில்தான் முழுதாகப் படித்தேன்.

பிற்பாடு ரஹாங்கில் வீடு வாங்கி, பிள்ளைகள் பிறந்து, பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது விருந்தில் அளவு தெரியாமல் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினால், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே குரல் கொடுப்பார்:

"என்னாப்பா, ரொம்ப முடியலயா? கான்வாய் கூப்புடட்டுமா?"