உங்கள் அக்காவின் பயத்தை முன்னிட்டு

திண்டிவனம்,
1961, தை மாதம்.

அன்புள்ள மைத்துனர் சக்கரபாணி அவர்களுக்கு,

திண்டிவனத்திலிருந்து விருத்தாசலம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அக்கா லட்சுமியம்மாளும் கறவை மாடும் சுகமாக இருக்கிறோம். அங்கே சிங்கப்பூரில் நீங்களும், தங்கச்சி ருக்குவும், மளிகைக் கடையும், உங்கள் கடை மாடியில் குடியிருக்கும் எங்கள் மகன் வேங்கடேசனும் சுகமாக இருக்கத் திந்திரிணீஸ்வரர் துணை நிற்பாராக. சுகம் என்று எழுதுவது மரியாதை என்பதால் எழுதினேன். உள்ளபடி சொன்னால் இங்கே சுகமாக இருப்பது மாடு மட்டும்தான்.

காரியம் இதுதான் மச்சான். வேங்கடேசன் அங்கே ஒரு விமானக் கம்பெனியில் பைலட் வேலைக்கு இன்டர்வியூ போகப்போகிறான் அல்லவா, அதற்கு அவன் போய்ச் சேராதபடி நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை எனக்காகக் கேட்கவில்லை. உங்கள் அக்காவின் பயத்தை முன்னிட்டுக் கேட்கிறேன். நான் விழுப்புரம் ஜங்ஷனில் முப்பது வருஷம் ரயில்வே கார்டாக இருந்தவன். புயலிலும் வெள்ளத்திலும் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து போய் வந்திருக்கிறேன். எனக்குப் பயம் என்பது காது வழியாகக் கேள்விப்பட்ட சமாச்சாரம். ஆனால் பெற்றவள் மனசு அப்படியா? அவள் படும் பாட்டை வரிசையாக எழுதுகிறேன், படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

போன மாதம் வேங்கடேசனிடமிருந்து கடிதம் வந்தது. உங்கள் அக்கா விதைக்கு மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள், அதனால் நான் உரக்கப் படித்தேன். சிங்கப்பூரில் தினமும் சாயங்காலம் மழை பெய்கிறதாம், ருக்கு அத்தை வைக்கும் காரக்குழம்பு அம்மா வைப்பதைவிடக் கொஞ்சம் உறைப்பாம், பக்கத்து வீட்டுச் சீனப் பையன் ஒருவன் இவனைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி வெள்ளைக்கார அதிகாரி மாதிரி கேள்வி கேட்டுப் பழக்குகிறானாம், கம்பெனிக்காரர்கள் விருந்துக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள் என்று முள்ளும் கத்தியும் வைத்து இட்லி தின்னப் பழகுகிறானாம். இட்லிக்கு எதற்குக் கத்தி என்று எனக்கு விளங்கவில்லை. இருக்கட்டும். அதற்கு அடுத்த வரிதான் வினை. 'நடுவானத்தில் ஒரு இஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வாய் என்று கட்டாயம் கேட்பார்களாம்' என்று எழுதியிருந்தான். அதைப் படிக்கும்போது என் குரல் அடைத்துக்கொண்டது. மல்லாட்டைத் தூசு. உங்கள் அக்கா நிமிராமலே, "மொத்தம் எத்தினி இஞ்சினாம்?" என்று கேட்டாள். ரெண்டு என்றேன். "அப்புறம் என்னா, அதான் இன்னொண்ணு இருக்குதே. மேல படிங்க" என்றாள். அதிகமாகப் பயந்துபோனவர்கள் இப்படித்தான் நிதானம் தப்பிப் பேசுவார்கள். அன்று முதல் நான் கண்ணை மூடவில்லை, அவள் பயத்தில் விடும் குறட்டையைக் கேட்டபடியே படுத்திருக்கிறேன்.

இவள் பயத்தை எப்படியாவது தெளிய வைக்க வேண்டும் என்று விவரம் தெரிந்த ஆளாகத் தேடினேன். மார்க்கெட் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் சவுரிராயன், யுத்த காலத்தில் உளுந்தூர்ப்பேட்டையில் வெள்ளைக்காரன் போட்ட விமானத் தளத்தில் வேலை பார்த்தவர். வீட்டுக்கு அழைத்து வந்து காப்பி கொடுத்து, "அம்மாவுக்குக் கொஞ்சம் தைரியம் சொல்லுங்க" என்றேன். அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே, "பயப்படவே தேவையில்லீங்க. நான் அத்தினி நாளு வேல பாத்திருக்கிறேன், மேல போயி எறங்காத ப்ளேனுன்னு ஒண்ணு நான் பாத்ததே இல்ல. எப்டியாச்சும் எறங்கிரும்" என்றார். "எப்படியாச்சும்னா?" என்று கேட்டேன். "சிலது ரோட்ல எறங்கும், சிலது கேப்பைக் கொல்லையில எறங்கும். ஒண்ணு ஏரியில எறங்கிச்சு. ஆனா எறங்கிச்சு" என்றார். எனக்குக் காப்பி புரையேறிவிட்டது. உங்கள் அக்கா என் முதுகைத் தட்டிக்கொண்டே அவரிடம், "ஏரியில எறங்கினவரு நீஞ்சி வந்துட்டாரா?" என்று விசாரித்தாள். வந்து சாராயம் கேட்டாராம். "அப்ப நம்ம புள்ளைக்கும் நீச்சல் தெரியும், கவலையில்ல" என்றாள். பாருங்கள் மச்சான், மகன் ஏரியில் விழுவான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

சொல்லிக் கேட்டால் தெளியாது, கண்ணால் பார்த்தால்தான் தெளியும் என்று தோன்றியது. மீனம்பாக்கத்தில் வேங்கடேசனுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் நடராசன் என்பவர் இருக்கிறார். மகன் அங்கே படித்த காலத்தில் என்னைப் பல தடவை கூப்பிட்டான். ஒரு தடவை முதுகுவலி, ஒரு தடவை உறவில் கல்யாணம், ஒரு தடவை மாடு கன்று போடும் சமயம், இப்படிப் போக வாய்க்கவே இல்லை. இப்போது உங்கள் அக்காவுக்காகக் கிளம்பினேன். வேகவைத்த மல்லாட்டையும் கேப்பை அடையும் கட்டிக்கொண்டாள். தாம்பரம் வரைக்கும் ரயிலில் போகும்போது எனக்கு வெகு நிம்மதியாக இருந்தது. கார்டு விசில் கொடுக்கிறான், வண்டி நகர்கிறது, கீழே தண்டவாளம் இருக்கிறது. உலகத்தில் ஒரு மனுஷனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? தாம்பரத்தில் மாறி மீனம்பாக்கம் போய் வேலிக்கம்பி ஓரமாக நின்றோம். நின்ற கொஞ்ச நேரத்தில் பெரிய விமானம் ஒன்று எங்கள் தலைக்கு நேராக இறங்கி வந்தது. அந்தச் சமயம் பார்த்து என் செருப்பு வார் அறுந்திருக்குமோ என்று சந்தேகம் வந்ததால், கம்பியைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து கவனித்தேன். வார் நன்றாகத்தான் இருந்தது. "எழுந்திருங்க, அது எறங்கி நின்னாச்சு" என்று உங்கள் அக்கா என் தோளைத் தொட்டாள்.

நடராசன் தங்கமான மனுஷன். வேங்கடேசனின் அம்மா அப்பா என்றதும் எங்கள் இருவருக்கும் நாற்காலி போடச் சொன்னார். "உங்க பையன் கை ரொம்ப மெதுவும்மா. கீழ எறக்கினதே தெரியாது, தொட்டில்ல போடற மாதிரி எறக்குவான்" என்றார். உங்கள் அக்கா அவர் கையில் அடையைக் கொடுத்துவிட்டு, "தம்பி, ஒரு இஞ்சின் நின்னுபோச்சுன்னா என்னா பண்ணுவீங்க?" என்று நேராகக் கேட்டுவிட்டாள். அவர், "இன்னொண்ணு வச்சு ஓட்டிக்கிட்டுப் போய் இறங்கிடுவோம்மா" என்றார். உங்கள் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் விடவில்லை. "ரெண்டும் நின்னுபோச்சுன்னா?" என்றேன். அவர் அடையை மென்று முழுங்கிவிட்டு, "அப்ப கொஞ்சம் சீக்கிரமா இறங்குவோம் சார்" என்றார். அதற்கு இருவரும் சிரித்தார்கள். சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதோடு நாங்கள் கிளம்பியிருக்க வேண்டும். அந்த நல்ல மனுஷன், "வேங்கடேசன் பழகின வண்டி சும்மாதான் நிக்குது, ஒரு சுத்து போயிட்டு வரலாம். ஒருத்தர்தான் ஏறலாம், யார் வர்றீங்க?" என்றார். அவர் காட்டியது ரெண்டே பேர் உட்காரும் சின்ன விமானம். மேலே கூரை கிடையாது. நம் ஊர் ஒற்றை மாட்டு வண்டிக்குக்கூடக் கூண்டு உண்டு. எனக்கு முதுகுவலி இருப்பதை நான் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பையை என்னிடம் கொடுத்து, "இதப் புடிங்க, தோ வர்றேன்" என்றாள். பால் கறக்கப் போகிறவள் மாதிரி சொன்னாள். அவள் தலையில் தோல் தொப்பியை மாட்டினார்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டார்கள், இடுப்பில் வார் கட்டினார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளை அப்படி ஒரு கோலத்தில் நான் பார்த்ததில்லை. இஞ்சின் உறுமியது. என் வலது கை பழக்கத்தில் தானாகவே பச்சைக் கொடி காட்ட மேலே போய்விட்டது. கொடிக்குப் பதில் பையை ஆட்டினேன் போலிருக்கிறது, மல்லாட்டை எல்லாம் புல்லில் கொட்டிவிட்டது. அதைப் பொறுக்கிவிட்டு நிமிர்ந்தால் விமானம் இல்லை.

மச்சான், ரயில் என்றால் அது போன பிறகும் தண்டவாளம் இருக்கும். இதோ இந்த வழியாகத்தான் போயிருக்கிறது, இந்த வழியாகத்தான் வரும் என்று பார்த்துக்கொண்டு நிற்கலாம். அவள் போன வானத்தில் ஒரு கோடுகூட இல்லை. எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்றே எனக்குத் தெரியவில்லை. வாட்ச்மேன் வந்து, "பெரியவரே, இப்டி நெழல்ல குந்துங்க, மொகமெல்லாம் வேர்த்துப் போச்சு" என்று தண்ணீர் கொடுத்தார். நான் வேண்டாத சாமி இல்லை. மயிலம் முருகனுக்கு முடி காணிக்கை என்று வேண்டிக்கொண்ட பிறகுதான், எனக்கு முடியே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

ஒரு வழியாக வந்து இறங்கினாள். கண்ணாடியைக் கழற்றினபோது கண்ணெல்லாம் தண்ணீர். காற்றினால் அப்படி ஆகும் என்றார் நடராசன். எனக்குத் தெரியாதா, பயத்தினால் வந்த கண்ணீர்தான். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. ரெண்டு கையும் சேர்ந்திருந்ததால் எந்தக் கை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும். ரயில் செங்கல்பட்டைத் தாண்டியது. பிறகு ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டே, "நம்ம புள்ள இதத்தான் தெனமும் பாத்துக்கினு இருந்திருக்கான். மேலேர்ந்து பாத்தா அந்தக் கடலு எம்மாம் பெருசு தெரியுங்களா?" என்றாள். பயம் முற்றிப்போய்விட்டது என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

ஆகையால் நீங்கள் செய்ய வேண்டியது. இன்டர்வியூ நாளன்று காலையில் அவனுடைய கறுப்பு பூட்சை ஒளித்து வைத்துவிடுங்கள், செருப்போடு போனால் வெள்ளைக்காரன் உள்ளே விடமாட்டான். அது முடியாவிட்டால் ருக்குவிடம் சொல்லிப் பழைய சோறும் மோரும் வயிறு முட்டப் போடச் சொல்லுங்கள், அவன் சின்ன வயசிலிருந்தே அதைச் சாப்பிட்டால் சாய்ந்துவிடுவான். அதுவும் முடியாவிட்டால் உங்களுக்கே நெஞ்சுவலி என்று படுத்துக்கொள்ளுங்கள். சொந்த அக்காவுக்காக இது கூடச் செய்யமாட்டீர்களா? நான் எழுதினதாக அவனிடம் மூச்சு விடக்கூடாது. உங்கள் அக்காவுக்கும் தெரியக்கூடாது, அவள் பயம் அவளுக்கே தெரியாத அளவுக்கு இருக்கிறது. கப்பலில் போட்டால் இந்தக் கடிதம் நேரத்துக்கு வந்து சேராது என்பதால் விமானத் தபாலில் அனுப்புகிறேன். மனசு ஒப்பவில்லை, வேறு வழியும் இல்லை. கோட்டக்குப்பத்து மரைக்காயர் ஒருவர் அடுத்த கப்பலில் வருகிறார், அவரிடம் மல்லாட்டை உருண்டை கொடுத்து அனுப்புகிறோம். உங்கள் கடை பெருகவும், தங்கச்சி ருக்கு நீடூழி மஞ்சள் குங்குமத்தோடு இருக்கவும், நீங்கள் எல்லாரும் தரையிலேயே நடமாடி நெடுங்காலம் வாழவும் ஆசீர்வதிக்கும்,

உங்கள் அன்புள்ள,
கா. விருத்தாசலம்.

பி.கு. கடிதத்தை ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோற்றுப் பருக்கை கேட்டேன். "குடுங்க, நானே ஒட்டறேன்" என்று உங்கள் அக்கா வாங்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரமாக ஆளைக் காணவில்லையே என்று போய்ப் பார்த்தால், அடுப்பு வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள். குழம்பு சுண்டிவிட்டது. நான் வாசற்படியில் நின்றேன். படித்து முடித்து, மடித்து, "எனக்கா பயம்?" என்றாள். நான் போய்க் குழம்பை இறக்கி வைத்தேன். "உங்களுக்குத்தான்னு எனக்கு எப்பவோ தெரியும். அதுல என்னா வெக்கம்? பெத்தவரு பயப்படாம வேற யாரு பயப்படுவாங்க? ஆனா அந்தப் புள்ள தெரியாத ஊர்ல, தெரியாத பாஷை பேசற ஆளுங்க முன்னால போயி தனியா குந்தப் போறான். அவனுக்கும் பயம் இருக்காதா? அவனுக்கு நாலு வார்த்த எழுதாம, பூட்ஸ ஒளிச்சு வையின்னு எந்தம்பிக்கு எழுதிக்கினு இருக்கறீங்களே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

ஆகவே மச்சான், மேலே எழுதியதை எல்லாம் தலைகீழாக வைத்துக்கொள்ளவும். பூட்சை மினுக்கி வையுங்கள். பழைய சோறு வேண்டாம், இட்லி கொடுங்கள், கத்தி வைத்துத் தின்றாலும் தின்னட்டும். உங்கள் நெஞ்சு நன்றாக இருக்கட்டும். இதற்குக் கீழே உள்ளதை மட்டும் கிழித்து அவனிடம் கொடுங்கள்.

சிரஞ்சீவி வேங்கடேசனுக்கு அப்பா எழுதுவது. உன் வேலையை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அது என் பாடு, அதற்கு நீ ஒன்றும் செய்ய வேண்டாம். நீ போய், கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொல். வேலை கிடைத்தால் உன் அம்மாவுக்குச் சந்தோஷம். கிடைக்காவிட்டால் எனக்குச் சந்தோஷம். எப்படிப் பார்த்தாலும் அன்றைக்கு இந்த வீட்டில் பாயசம் உண்டு. ஆனாலும், கிடைக்கட்டும்.