நானாச்சுக்காரர்

நானாச்சுக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. இவர்கள் பிறக்கும்போதே வலது கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு பிறப்பார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் ஒரு கவலையைச் சொல்ல வாயெடுத்தால் போதும், சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கை 'டப்'பென்று நெஞ்சில் விழும், "நீங்க ஏன் கவலைப்படறீங்க? நானாச்சு!" என்ற வார்த்தை அதன் பின்னாலேயே விழும், என்ன கவலை என்று கேட்டுக்கொள்வதற்கு முன்பே அது தீர்ந்தும் போகும். அவருக்கு.

கல்யாண வீட்டில் இவரைப் பார்க்கலாம், தேர்த் திருவிழாவில் பார்க்கலாம். ஆனால் இவர் நன்றாகச் செழித்து வளர்கிற இடம் விளையாட்டுச் சங்கந்தான். ஊரார் பிள்ளைகள் மொத்தமாகக் கிடைக்கிற இடம் வேறு எது?

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், பஸ்காரர் மனம் வைத்தால் நிற்கிற ஊர். இங்கேயும் ஒரு சடுகுடு சங்கம் உண்டு. அதன் காரியதரிசி செல்லதுரை. ஆட்டக்களம் ஊர்க் கிணற்றை ஒட்டி இருப்பதால், தண்ணீர் சேந்த வருகிற பெண்கள் எல்லாவற்றையும் பார்க்கிறோம். நாங்கள் தண்ணீரை மட்டும் பார்ப்பதாகக் களத்தில் நிற்பவர்களுக்கு எண்ணம். அந்த எண்ணத்தை நாங்கள் கெடுப்பதில்லை.

செல்லதுரை நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கெட்டவர்கள் நானாச்சுக்காரர் ஆக முடியாது. அவர்களை யாரும் நம்புவதில்லை. வெளுத்த வேஷ்டி, கழுத்தில் ஒரு விசில். விசிலுக்குள் இருந்த குண்டு எப்போதோ விழுந்துவிட்டது, ஊதினால் காற்றுதான் வரும். ஆனாலும் தொங்கும்.

பாடாலூர் ஆட்டத்தில் ஒரு பையனுக்கு முழங்கை வீங்கியது. "சுளுக்குத்தான், நானாச்சு" என்றார். வைத்தியர் தொட்டுப் பார்த்து எலும்பு முறிந்திருக்கிறது என்றார். "முறிஞ்சா என்னங்க? அதுக்கும் நானாச்சு" என்றார். பையன் மூன்று மாதம் இடது கையால் சாப்பிட்டான்.

பிறகு ஒருநாள் ஆட்டம் பழக்க எங்கிருந்தோ ஒரு வாத்தியாரை அழைத்துவந்தார். பெரிய மீசை, கையில் புளிய மிலாறு. பையன்கள் கெண்டைக்காலில் வரிவரியாகத் தடிப்போடு வீடு திரும்பினார்கள். அதில் ஒரு பையனின் தாய் முத்தாயி நேரே களத்துக்கே போய்ச் செல்லதுரையைக் கேட்டாள்.

"யாருங்க அந்த ஆளு?"

"ரொம்ப நல்ல மனுஷன். நானாச்சு!"

"எத்தனை வருசமாத் தெரியும்?"

"பஸ்ஸுல பக்கத்துல உக்காந்து வந்தாரு. பேச்சு ஒண்ணே போதும், ஆளைச் சொல்லிடலாம்."

அந்த வாரக் கடைசியில் மீசை வந்த பஸ்ஸிலேயே போய்விட்டது. சங்கம் பந்தாட்டத்துக்கென்று வாங்கிய புது வலையும் கூடவே போனது. செல்லதுரைக்கு வலையைப் பற்றி இன்றைக்கும் மனக்கஷ்டம் உண்டு.

இதெல்லாம் சில்லறை. நான் சொல்ல வந்தது கருப்பண்ணன் கதையை.

கருப்பண்ணன் குஞ்சம்மாளின் ஒரே மகன். உடம்புக்கு இருபத்தைந்து வயது, தேக்குமரம் மாதிரி. மனசுக்கு ஏழெட்டு இருக்கும். சொன்னதைச் செய்வான், சொல்லாததைச் செய்யமாட்டான். பிடி என்றால் பிடிப்பான், விடு என்கிறவரை விடமாட்டான். சடுகுடுவுக்கு இதைவிட என்ன வேண்டும்? அவன் பிடியிலிருந்து கோட்டுக்குத் திரும்பிய எதிராளி இந்த ஜில்லாவில் கிடையாது. பசிக்கிறது என்று மட்டும் அவன் வாயால் கேட்கமாட்டான். யாராவது பார்த்துக் கொடுக்க வேண்டும்.

அரியலூர்ப் பந்தயத்துக்கு அவனைக் கூட்டிப்போகச் செல்லதுரை கிணற்றடிக்கே வந்தார்.

"வேணாம் தம்பி" என்றாள் குஞ்சம்மாள். "நில்லுன்னா நின்னுக்கிட்டே இருப்பான். கூட்டத்துல எங்கியாவது விட்டுட்டீங்கன்னா வூட்டுக்கு வழி கேக்கக்கூடத் தெரியாது."

'டப்.' "அக்கா! அவன் உன் புள்ளையா? என் புள்ளைக்கா! கண்ணுல வச்சுப் பாத்துக்கறேன். நானாச்சு!"

குஞ்சம்மாள் அவர் கையைப் பார்த்தாள், விசிலைப் பார்த்தாள், அனுப்பிவைத்தாள்.

ஜெயித்தார்கள். யார் பிடியில் ஜெயித்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பித்தளைத் தகடு பதித்த பெரிய கேடயம் ஒன்று கிடைத்தது. செல்லதுரை அதைத் தம் மேல்துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தார்.

யுத்த காலத்துப் பஸ் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பெட்ரோல் கிடையாது, பின்னால் ஓர் அடுப்பைக் கட்டிக் கரி எரித்து ஓட்டுகிறார்கள். மேடு வந்தால் மூச்சு வாங்கும். எங்கள் ஊருக்கு மூன்று கல் தூரத்தில் ஒரு மேட்டில் நின்றே போனது. எல்லாரும் இறங்கினார்கள். செல்லதுரை இறங்கவில்லை, கேடயத்தை யார் பார்த்துக்கொள்வது? தள்ளித் தள்ளி எல்லாருக்கும் கை ஓய்ந்தது.

"நீங்க ஏறுங்கடா, கருப்பண்ணன் ஒருத்தன் போதும்" என்று ஜன்னல் வழியே உத்தரவு போட்டார். "கருப்பண்ணா! வண்டி நகந்ததும் சக்கரத்துக்கு முட்டுக் குடுத்த கல்லை எடுத்துக்கிட்டு ஓரமா நில்லு. மேலே போய் நிறுத்திக் கூப்பிடறேன்."

பஸ் நகர்ந்தது. மேலே போய் நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று டிரைவர் நிறுத்தவில்லை. பையன்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். செல்லதுரை தாம் எப்படி ஜெயித்தார் என்பதைக் கண்டக்டருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

பொழுது சாய ஊர் வந்தார்கள். தப்பட்டை, மாலை, ஆரத்தி. கேடயத்துக்கு ஒரு மாலை, செல்லதுரைக்கு ஒரு மாலை. குஞ்சம்மாள் கஞ்சிக் கலயத்தோடு வந்து பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"எங்க தம்பி என் புள்ளை?"

"பின்னால வர்றான்க்கா."

"பின்னாலன்னா?"

"பஸ்ஸுக்குப் பின்னால."

"பஸ்ஸு இங்கல்ல நிக்கிது?"

செல்லதுரைக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனால் நானாச்சுக்காரரின் திறமையை இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். "என்னக்கா நீ, அவன் என்ன பால்குடிக்கிற புள்ளையா? இருபத்தஞ்சு வயசு ஆம்பளை! தன்னால வந்து சேருவான்" என்றார். காலையில் கண்ணில் வைத்துக் கூட்டிப்போன பிள்ளை, சாயங்காலத்துக்குள் எப்படி வளர்ந்துவிட்டான் பார்த்தீர்களா?

குஞ்சம்மாள் சத்தம் போடுவாள் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவள் போடவில்லை. கலயத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

"பாவம், அவ்வளவு தூரம் சுமந்துகிட்டு வந்திருக்கீங்க. கை வலிக்கும். குடுங்க, சித்த நேரம் நான் வச்சிருக்கேன்."

கூட்டத்துக்கு முன்னால் மறுக்க முடியாமல் கேடயத்தைக் கொடுத்தார். அவள் அதைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு நேரே போய்க் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஏறி, உள்பக்கம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். கேடயம் முழங்கால்மேல் இருந்தது. அதற்குக் கீழே தண்ணீர்தான்.

"அக்கா! பத்திரம், பத்திரம்!"

குஞ்சம்மாள் ஒரு கையைக் கேடயத்திலிருந்து எடுத்தாள். நெஞ்சில் வைத்தாள். 'டப்.'

"நீங்க ஏன் தம்பி கவலைப்படறீங்க? என் புள்ளை மாதிரி பாத்துக்கறேன். நானாச்சு!"

அந்தச் சொல் காதில் விழுகிறபோது எப்படி இருக்கும் என்பது செல்லதுரைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முகம் சுண்டிவிட்டது. "அய்யாக்கண்ணு, வண்டியப் பூட்டுடா!" என்று கத்திக்கொண்டு ஓடினார். மாலையைக் கழற்றக்கூட நேரமில்லை.

அங்கே நடந்ததை வண்டி ஓட்டிப்போன அய்யாக்கண்ணு பிறகு சொன்னான். சாலை ஓரத்தில் கருப்பண்ணன் கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தானாம். உதடு காய்ந்திருந்ததாம். சின்னக் கல்லும் இல்லை.

"ஏண்டா, நடந்தாவது வரக் கூடாதா?" என்றாராம் செல்லதுரை.

"நீங்க கூப்பிடலியே."

ஊர் அடங்குகிற நேரத்துக்கு வண்டி திரும்பியது. குஞ்சம்மாள் அப்போதுதான் சுவரைவிட்டு இறங்கினாள். மகன் கையிலிருந்த கல்லை "போடு" என்று சொல்லிப் போடவைத்தாள். தோளைத் தடவினாள், முழங்காலைத் தடவினாள், கலயத்தை வாயில் வைத்தாள். அவன் மூச்சுவிடாமல் குடித்து முடித்த பிறகு கேடயத்தை நீட்டினாள்.

"குடுத்தபடியே இருக்கு தம்பி. கீறல் இருக்கான்னு பாத்துக்கங்க."

செல்லதுரை வாங்கிக்கொண்டார். லாந்தர் வெளிச்சத்தில் முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார்.

இப்போது எங்கள் ஊரில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. சங்கம் வெளியூருக்குப் புறப்பட்டால், கேடயம் குஞ்சம்மாள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். கூட்டிப்போன ஆட்கள் எல்லாரும் கிணற்றடிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் திரும்பப் போகும். போன மாதம் தா.பழூர் போனபோது செல்லதுரை ஒவ்வொரு மேட்டிலும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லித் தலைகளை எண்ணியதாகவும், டிரைவர் அழாத குறையாக இருந்ததாகவும் கேள்வி. விசிலுக்கும் புதுக் குண்டு போட்டிருக்கிறார்.

நன்றாகச் சிரித்தீர்களா? சந்தோஷம். ஆனால் இன்று காலை பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி சந்தைக்குப் போகும்போது, "புள்ளை வெளயாடிக்கிட்டு இருக்கான், கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொன்னாளே. நீங்களும் இந்தப் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், "போயிட்டு வாங்க, நானாச்சு" என்றீர்களே. நெஞ்சில் கை வைத்தீர்களா இல்லையா என்பதை நான் பார்க்கவில்லை.

பிள்ளை எங்கே?

எழுந்து போய்ப் பாருங்கள்.