இது பாட்டுக்கு இல்லை

மேடையில் தனியாக நின்று ஊரைச் சிரிக்க வைக்கிறவர்களில், கிட்டாரும் கையுமாக அலைகிற இனம் ஒன்று உண்டு, பார்த்திருப்பீர்கள். ஒரு வரி பேசுவார், கிட்டாரை ஒரு தட்டுத் தட்டுவார். அதற்கு ‘இங்கே சிரிக்கவும்’ என்று பொருள். நாமும் சிரிப்போம். வேறு வழி?

அப்படி ஒருவருக்குத்தான் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். எங்கள் வீட்டு மாடியில்தான் குடித்தனம். ‘சமூகத்தைக் கூர்ந்து கவனிக்கிறேன்’ என்பார் பேட்டிகளில். சமூகம் என்றால் யார்? நாங்கள்தான். அம்மா பேச ஆரம்பித்ததும் அப்பா காது மெஷினைக் கழற்றிவிட்டுத் தலையாட்டுவது முதல் பாட்டு, என் குறட்டை இரண்டாவது, பூட்டிய கதவை அக்கா மூன்று தரம் இழுத்துப் பார்ப்பது மூன்றாவது, அதற்குக் கூட்டமே சேர்ந்து கை தட்டித் தாளம் வேறு போடும். அவர் படியிறங்கி வந்தாலே எல்லோரும் வாயை மூடிக்கொண்டு டிவியைப் பார்ப்போம். டிவி ஓடாது.

போன வாரம் எங்கள் எதிரிலேயே அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இது பாட்டுக்கு இல்ல. ஆபீஸ்ல என்னை வேற ஊருக்கு மாத்தறாங்க. போகவா வேணாமான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்.”

“இரு, இரு! ‘இது பாட்டுக்கு இல்ல’... அடடா, பல்லவியே கிடைச்சிருச்சு! இன்னொரு தரம் சொல்லு, கொஞ்சம் மெதுவா.”

அக்கா எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டாள். வெள்ளிக்கிழமை பெட்டியோடு கிளம்பிவிட்டாள்.

சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு நானும் போயிருந்தேன். புதுப் பல்லவியை எடுத்தார், அரங்கம் அதிர்ந்தது. வழக்கமாக அக்கா உட்கார்கிற முன்வரிசை நாற்காலியைப் பார்த்தார். அதில் யாரோ பையை வைத்திருந்தார்கள். மனுஷர் பாட்டைப் பாதியில் நிறுத்தினார். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, “என் பொண்டாட்டி நிஜமாவே என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க” என்றார். அப்படி ஒரு கைத்தட்டலை அவர் ஜென்மத்தில் வாங்கியதில்லை.

மேடைக்குப் பின்னால் வந்ததும், நான் பக்கத்தில் இருக்கும்போதே, ஸ்பீக்கரில் அக்காவுக்குப் போன் போட்டார்.

“சொல்லும்மா. முழுசாக் கேக்கறேன்.”

“கையில என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல” என்றார். கிட்டார் எப்போது மடிக்கு ஏறியதோ, விரல் பட்டு ‘டிங்’ என்றது. அக்கா போனை வைத்துவிட்டாள்.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டேன்; அந்த ‘டிங்’ வருகிற இடத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நீங்களும்தான் சிரித்தீர்கள். நாளைக்கு யாரிடமாவது சொல்லவும் போகிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லும்போது உங்கள் வீட்டில் யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் மட்டும், கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள்.